இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியா, இருபத்தெட்டாயிரம் ரூபாய்க் கணினியா?

கேள்வி: அஞ்சல் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். பாளையங்கோட்டையில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். 2014இல் வாங்கிய 40 அங்குல முழு எச்டி தொலைக்காட்சி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதில் இணைய வசதி கிடையாது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற மேசைக் கணினி (மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், டிவிடி டிரைவ்), பழைய படங்களும் கச்சேரிகளும் நிறைந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க், 2009இல் நடந்த மகள் திருமணத்தின் மூன்று டிவிடிகள், கொஞ்சம் விசிடிகள் ஆகியவை கைவசம் உள்ளன. டவுனில் ஒரு கடையில், தொலைக்காட்சியில் செருகினால் இணையப் படங்களைக் காட்டும் ‘8கே ஆண்ட்ராய்டு பெட்டி’ என்று ஒன்றை 2,200 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஆயுள் முழுக்க எல்லாச் சேனலும் இலவசமாம். மகனின் நண்பரோ அதெல்லாம் வேண்டாம், 28,000 ரூபாயில் தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்ப்பதற்கென்றே ஹோம் தியேட்டர் கணினி ஒன்று அமைத்துத் தருகிறேன் என்கிறார். ‘எதை வாங்கினாலும் ஒரே ரிமோட்டில் வேலை நடக்க வேண்டும், நாடகம் பார்க்க ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது’ என்பது என் மனைவியின் நிபந்தனை. எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, இரண்டும் வேண்டாம். கூகுள் டிவி (தொலைக்காட்சிக்கென்று கூகுள் தரும் மென்பொருள்) சான்று பெற்ற, யுஎஸ்பி துளை உள்ள ஒரு நல்ல பெட்டியை நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குள் வாங்குங்கள். மகனின் கணினியைத் தொலைக்காட்சிப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதற்கு வேறு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 2,200 ரூபாய்ப் பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை மட்டும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு வீடுகளிலாவது அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த ‘8கே’. படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்லும் அளவு அது. உங்கள் தொலைக்காட்சி காட்டக்கூடியது 1920க்கு 1080 புள்ளிகள். அதற்குமேல் அனுப்பினாலும் அதில் தெரியப்போவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சில்லு 8கே படத்தைச் சீராக ஓட்டுமா என்பதே சந்தேகம். அட்டையில் அச்சடிப்பதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ‘ஆண்ட்ராய்டு 13’, ‘128 ஜிபி’ என்று இருப்பதும் அதே கதைதான். அமைப்புகள் பக்கத்தில் காட்டும் எண்ணையே பொய்யாக மாற்றி வைத்து விற்கும் பெட்டிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள். இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தொலைக்காட்சிக்கான ஆண்ட்ராய்டு அல்ல, கைபேசிக்கானது. பெட்டியை இயக்கியதும் ரிமோட்டில் சுண்டெலிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ரகம்தான். நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் கைபேசியில் வரும் அதே திரை வரும். அம்புக்குறியை ரிமோட்டால் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படத்தின் மேலும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டு அம்மா ஒரு நாளைக்கு மேல் அதைச் சகித்துக்கொள்ளமாட்டார்.

அப்படிச் சகித்துக்கொண்டாலும் படம் தெளிவாக வராது. இணையத்தில் படம் தரும் நிறுவனங்கள் அதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் அந்தப் பூட்டைத் திறப்பது கூகுளின் ‘வைட்வைன்’ என்ற ஏற்பாடு. அதில் எல்1 என்ற நிலையில் உள்ள கருவி, சில்லுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பான பகுதியில் பூட்டைத் திறக்கிறது. எல்3 நிலையில் உள்ள கருவி அதை வெறும் மென்பொருளால் செய்கிறது, அதை உடைத்துத் திருடுவது எளிது. ஆகவே நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எல்3 ஆண்ட்ராய்டு கருவிக்குப் பழைய டிவிடி அளவு தரத்தில் மட்டுமே படம் அனுப்புகின்றன. மாதச் சந்தா முழுதாகக் கட்டுவீர்கள், கிடைப்பது மங்கலான படம். இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து ஃபைபர்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்குப்படி முழு எச்டிக்குக் கேட்பது விநாடிக்கு 5 மெகாபிட், 4கேக்குக் கேட்பது 15. உங்கள் இணைப்பில் அது இல்லாமலிருக்க வாய்ப்பே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விலை குறைவல்லவா என்பீர்கள். பொறுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த கணினி நிபுணர் ஒருவர், தாம் இணையத்தில் வாங்கிய டி95 என்ற மலிவு ஆண்ட்ராய்டு பெட்டியை ஆராய்ந்து பார்த்து, அது புதிதாக வரும்போதே உள்ளுக்குள் தீநிரலோடு (கெடுதல் செய்யும் மென்பொருளோடு) வந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார். வாங்கியவர் எதையும் தவறாக நிறுவவில்லை, தீநிரல் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வேறொரு தீநிரல் இருப்பதாக அறிவித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே இப்படிப்பட்ட பெட்டிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள், இப்படிக் கருவிகளை வளைத்துப்போடும் ஒரு கும்பல்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கும்பலின் வலையில் சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்பது கூகுள் சொன்ன கணக்கு.

பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த நிரல் என்னதான் செய்கிறது? உங்கள் இணைய இணைப்பை முன்பின் தெரியாத ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அவர்கள் அதன்வழியாகப் போலி விளம்பரச் சொடுக்குகளை உருவாக்கலாம், அடுத்தவரின் கணக்குக்குள் நுழையப் பார்க்கலாம். வெளியில் பார்ப்பவருக்கு அது பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டிலிருந்து நடந்ததாகத்தான் தெரியும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுதான் இந்த வியாபாரத்தின் முழு இலக்கணம். அதே வீட்டு வைஃபையில்தான் உங்கள் கைபேசியில் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்பதையும் நினைத்துப்பாருங்கள்.

எல்லா மலிவுப் பெட்டியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. எஃப்பிஐ சொன்ன அடையாளங்களில் முக்கியமானவை சில: கேள்விப்படாத பெயர், இலவசமாக எல்லாம் வரும் என்ற விளம்பரம், பயன்படுத்தத் தொடங்கும்போது கூகுளின் ‘பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை அணைக்கச் சொல்வது. உங்கள் கடைக்காரர் சொன்ன ‘ஆயுள் முழுக்க எல்லாச் சேனலும்’ இதில் இரண்டாவது. அந்தச் சேனல்கள் திருட்டுத்தனமாக வருபவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆயுள்’ என்பதும் உங்கள் ஆயுளல்ல, அந்தத் திருட்டுச் சர்வரின் ஆயுள்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெட்டியை இயக்கி, பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் போய், ‘அறிமுகம்’ பகுதியில் பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சான்றளிக்கப்பட்ட கருவி என்று வர வேண்டும். ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற சிறு செயலியை நிறுவினால் வைட்வைன் நிலை எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டிவிடும். பெட்டியின் அடியிலும் அடாப்டரிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதனருகே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதையெல்லாம் பார்க்கக் கடைக்காரர் இடம் கொடுக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

இனி மகனின் நண்பர் சொல்வதைப் பார்ப்போம். அவர் சொல்வது தப்பான பொருள் அல்ல, உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத பொருள். தொலைக்காட்சியோடு கணினியை இணைக்கும் ஆசை நம்மூரில் புதிதல்ல. 2000களின் நடுவில், கணினிக்குள் தொலைக்காட்சிச் சேனல்களைக் காட்டும் ட்யூனர் கார்டைச் செருகி, கேபிள்காரர் தந்த ஒயரை அதில் சொருகி, அரைச் சன்னலில் கிரிக்கெட்டும் அரைச் சன்னலில் அலுவலக வேலையுமாக இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியில் ‘மீடியா சென்டர்’ என்று தனிப் பதிப்பே கொண்டுவந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கணினியில் பதிவுசெய்து பிறகு பார்ப்பதுதான் அப்போது அதன் பெரிய கவர்ச்சி. 2012இல் தொடங்கி நம் கேபிள் எல்லாம் டிஜிட்டலாகி, சேனல்கள் பூட்டப்பட்டு, செட்-டாப் பாக்ஸ் இல்லாமல் திறக்காது என்று ஆனபிறகு அந்தக் கவர்ச்சி இங்கே போய்விட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்டும் மீடியா சென்டரைக் கைவிட்டது.

அப்படியானால் இப்போது அந்தக் கணினி யாருக்கு? ப்ளூ-ரே வட்டுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர், புரொஜெக்டர் போட்டு ஏழு ஒலிபெருக்கி வைத்திருப்பவர், அதே திரையில் விளையாட்டும் ஆடுபவர், வண்ணத்தையும் ஒலியையும் நுணுக்கமாகத் திருத்திக்கொண்டே இருப்பதில் இன்பம் காண்பவர். இவர்களுக்கு நானே அமைத்துக் கொடுக்கிறேன். இன்டெல் 2023இல் வெளியிட்ட என்100 சில்லு உள்ள கையகலக் கணினி ஒன்று, அதில் படம் ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெலெக் என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். 4கே, எச்இவிசி, ஏவி1 என்று எந்த வீடியோ வடிவில் கொடுத்தாலும் மூச்சு வாங்காமல் ஓட்டும். அதற்கும் 28,000 ஆகாது. நண்பர் விலையில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார் என்று எழுதித் தரச்சொல்லிப் பாருங்கள்.

ஆனால் சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் என்று வரும்போது, விலை உயர்ந்த கணினியைவிட நாலாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு மரியாதை அதிகம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், உண்மை அதுதான். கணினியில் உலாவி வழியாகப் பார்ப்பவரை இந்த நிறுவனங்கள் நம்புவதில்லை. மிக உயர்ந்த தரத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சிகளுக்கும் சான்று பெற்ற பெட்டிகளுக்கும் ஒதுக்கிவைக்கின்றன. விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸை 4கேயில் பார்க்க வேண்டுமென்றால் எட்ஜ் உலாவி அல்லது அவர்களுடைய செயலி, இன்டெல் என்றால் ஏழாம் தலைமுறைக்குக் குறையாத செயலி, எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு ஏற்பாட்டை ஏற்கும் திரை என்று நிபந்தனைகள் நீண்டுகொண்டே போகும். லிப்ரெலெக்கில் அதுவும் கிடையாது. உங்களுக்கு 4கே தேவையே இல்லைதான். ஆனாலும் பணத்தைக் கொட்டிக் குறைந்த வசதியை வாங்குவானேன்?

ஒரே ரிமோட்டில் நடக்க வேண்டும் என்று அம்மா கேட்டதுதான் உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி. எச்டிஎம்ஐ கம்பி படத்தையும் ஒலியையும் மட்டும் கொண்டுபோவதில்லை. சிஇசி என்ற ஏற்பாட்டின்படி, அதன்வழியாக ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளையும் அனுப்பலாம். பெட்டியின் ரிமோட்டில் முகப்புப் பொத்தானை அழுத்தினால் அணைந்து கிடக்கும் தொலைக்காட்சி தானே விழித்து, பெட்டி செருகியிருக்கும் துளைக்குத் தானே மாறும். உங்கள் தொலைக்காட்சியின் அமைப்புகளில் இதற்கு வேறு பெயர் இருக்கும்: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பல வீடுகளில் அது அணைத்தே கிடக்கும். போய் இயக்கிவிடுங்கள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பெட்டியின் ரிமோட்டே போதும்.

மேசைக் கணினிகளின் எச்டிஎம்ஐ துளையில் இந்தச் சிஇசி பெரும்பாலும் வேலை செய்யாது. அதற்கென்று தனிக் கருவி வாங்கிச் செருக வேண்டும். இல்லையேல் மடியில் விசைப்பலகையோடு உட்கார வேண்டும். மாலை ஏழரைக்கு அம்மா இயக்கும்போதுதான் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். நீலத் திரையில் 34 விழுக்காடு என்று நிற்கும். நண்பருக்குத் தொலைபேசி போகும். ‘ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது’ என்று அம்மா சொன்னது இதை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கேபிள் செட்-டாப் பாக்ஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முழுக்க முழுக்க ஒரே ரிமோட் என்பது நடக்காது. புதுப் பெட்டிக்குப் போவது ஒரு பொத்தானில் முடியும். கேபிளுக்குத் திரும்பி வர, தொலைக்காட்சி ரிமோட்டின் ‘சோர்ஸ்’ பொத்தான் தேவைப்படும், ஏனென்றால் கேபிள்காரர் தரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிஇசி தெரியாது. அம்மா பார்க்கும் நாடகங்கள் எந்தச் சேனலுடையவை என்று பாருங்கள். சன் குழுமத்தின் நாடகங்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் நாடகங்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்துவிடுகின்றன. ஃபைபர் திட்டத்தோடு இவற்றில் ஏதாவது சேர்ந்தே வருகிறதா என்று விசாரியுங்கள். இரண்டு மாதம் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, கேபிள் தேவையில்லை என்று அம்மாவே சொன்னால் நிறுத்திவிடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மின்சாரத்தையும் போகிறபோக்கில் பார்த்துவிடலாம். பழைய மேசைக் கணினி 70 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை அணைக்காமல் விட்டால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் ஆகும். அதாவது அரசு தரும் இலவச மின்சாரத்தில் நூறு யூனிட்டை அதுவே சாப்பிட்டுவிடும். 3 வாட் எடுக்கும் சின்னப் பெட்டி இரவு பகலாக ஓடினாலும் ஐந்து யூனிட்டைத் தாண்டாது.

எந்தப் பெட்டி? உங்களிடம் ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கையே வாங்கச் சொல்லியிருப்பேன், 4கே இல்லாத சாதாரண வகையே உங்களுக்குப் போதும். ஆனால் டிஸ்க்கில் இருக்கும் படங்களைச் சரியாக அடுக்கிக் காட்ட ‘கோடி’ என்ற இலவச மென்பொருள் வேண்டும். அது கூகுளின் பிளே ஸ்டோரில் இருக்கிறது, அமேசானின் கடையில் இல்லை. முன்பெல்லாம் வெளியிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். 2025இல் அமேசான் ‘வேகா’ என்ற புது இயங்குதளத்தோடு விட்ட ஸ்டிக்கில் அந்தக் கதவும் மூடிவிட்டது. ஆகவே கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி என்று சான்று பெற்றதாகப் பாருங்கள். சியோமி 2020இல் 3,499 ரூபாய்க்கு விட்ட மி பாக்ஸ் 4கே போல, பின்னால் முழு அளவு யுஎஸ்பி துளை இருப்பது நல்லது. விரலளவு ஸ்டிக்குகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது. ஃபைபர் நிறுவனம் சில திட்டங்களோடு தானே ஒரு பெட்டி தருவதும் உண்டு. அது சான்று பெற்றதாகவே இருக்கும். ஆனால் இணைப்பை மாற்றினால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டி வாங்கப் போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு விஷயங்களில் அது மக்கர் செய்யலாம். உங்கள் டிஸ்க் அநேகமாக கோப்புகளை அடுக்கிவைக்க விண்டோஸ் கையாளும் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். சில பெட்டிகள் அதைப் படிக்கும், சில ‘இந்தச் சாதனத்தை வடிவமைக்கவா?’ என்று கேட்கும். அப்படிக் கேட்டால் தயவுசெய்து ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள், டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும். இன்னொன்று மின்சாரம். பெட்டியின் யுஎஸ்பி 2.0 துளை தரும் அரை ஆம்பியர், சுழலும் டிஸ்க் கிளம்பும்போது போதாமல் போகும். டிக் டிக் என்று சத்தம் வந்து நின்றுவிடும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று எழுநூறு, எண்ணூறு ரூபாயில் கிடைக்கும். பெட்டிக்கான மின்சாரத்தையும் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். அடாப்டர் மிச்சம் என்று பலர் அப்படிச் செய்துவிட்டு, படம் பாதியில் நின்று நின்று தொடங்குகிறது என்று என்னை அழைக்கிறார்கள்.

பெட்டியை மாட்டியதும் தொலைக்காட்சியில் இரண்டு அமைப்புகளைத் திருத்துங்கள். 2014 காலத்துத் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும். எழுத்துகள் பாதி மறையும். படத்தின் அளவில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மற்றொன்று, சதுரவாக்கில் எடுத்த பழைய படங்களைத் திரை முழுக்க இழுத்துப் போடும் பழக்கம். எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் இருபது கிலோ கூட்டிக் காட்டுவதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 4:3 என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது மகனின் கணினிக்கு வருவோம். பெட்டி வாங்குவதுகூட அடுத்த மாதம் ஆகலாம். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மகள் திருமண டிவிடிகள் ஸ்டூடியோவில் எழுதித் தந்தவை. கடையில் விற்கும் சினிமா டிவிடியில் தகவல் அச்சாகப் பதிந்திருக்கும். எழுதும் டிவிடியில் அது ஒரு சாயப் படலத்தில் சுட்டுப் பதித்தது. வெயில், ஈரம், வருடங்கள் எல்லாம் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் டிவிடி டிரைவ் உள்ள கணினியும் உங்கள் வீட்டில் இருக்கிறது, பல வீடுகளில் இன்று அது கிடையாது. அந்தக் கணினியை விண்டோஸ் 11க்கு முறைப்படி மாற்ற முடியாது, அது எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே தேவையான மென்பொருளை நிறுவியதும் இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். நகலெடுக்கும் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

ஒவ்வொரு டிவிடியையும் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறை இருக்கும். உள்ளே ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக விஓபி கோப்புகள். கோப்புறையை முழுதாக அப்படியே கணினிக்குள் நகலெடுங்கள். விசிடியில் ‘எம்பெக் ஏவி’ என்ற கோப்புறைக்குள் டேட் என்று முடியும் ஒரு பெரிய கோப்பு இருக்கும். அதையும் அப்படியே எடுக்கலாம், விஎல்சி என்ற இலவச மென்பொருள் அதை நேரடியாக ஓட்டும். விசிடியில் படம் பதியும் பகுதிக்குப் பிழைதிருத்தும் பாதுகாப்புக் குறைவு. கீறல் இருந்தால் நகலெடுப்பது பாதியில் நிற்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். எடுத்த நகல் ஒன்று கணினியிலும் ஒன்று ஹார்ட் டிஸ்க்கிலுமாக இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரு டிஸ்க்கை மட்டும் நம்பி வைப்பது வைக்காததற்குச் சமம்.

மகனின் நண்பரை ஏமாற்றமடையவிட வேண்டாம், அவருக்கும் வேலை இருக்கிறது. அந்த விஓபி கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஒரு டிவிடிக்கு ஒரு கோப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தக் கால வீடியோ கேமரா ஒரு படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதியாக எடுத்தது. மாலை மாற்றும்போது கை அசையும் இடத்தில் இந்த இரண்டும் பிரிந்து, கையின் ஓரமெல்லாம் கிடைக்கோடுகளாகக் கிழிந்து தெரியும். ஹேண்ட்பிரேக்கின் வடிகட்டிகள் பகுதியில் ‘டிகோம்ப்’ என்பதை இயக்கினால் அது போய்விடும். வடிவம் எச்.264 ஆக இருக்கட்டும், உங்கள் பெட்டி உட்பட எல்லாக் கருவியும் அதைப் படிக்கும். 576 கோடு உள்ள படத்தை 1080 ஆக்கித் தருகிறேன் என்று அவர் ஆர்வப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கோப்பு பெருக்குமே தவிர முகம் தெளியாது. மாற்றி முடித்த பிறகும் மூல விஓபி கோப்புகளை அழிக்கக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அந்த வயதுக்காரர்கள் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள்.